சக்கரத்தின் மேல் ஒரு வீடு, அதற்குள் பேரப்பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

வண்டிக்குப் பின்னால், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள சிறு வீடு போன்ற டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு முகாமுக்குப் போவது பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்ற பிறகு, ஒருவர் பயன்படுத்திய பழைய டிரெய்லரை வாங்கியிருக்கிறோம். எங்கள் மகனுக்கு 5, 8, 11 வயதில் மூன்று பிள்ளைகள். வரும் விடுமுறையில் பெற்றோர் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் அவர்களைப் பத்து நாள் அழைத்துப் போக நினைக்கிறோம். போகவர 1,500 கிலோமீட்டர். பிள்ளைகள் சலித்துப் போகாமலிருக்க என்னென்ன விளையாட்டுப் பொருள்களை எடுத்துச் செல்லலாம்?

பதில்: விளையாட்டுப் பொருள்கள் இருக்கட்டும் அம்மா. முதலில் பத்து நாளை இரண்டு இரவாகவும், 1,500 கிலோமீட்டரை 150 கிலோமீட்டராகவும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். டிரெய்லர் உங்களுக்குப் புதிது. பெற்றோர் இல்லாத இரவு பிள்ளைகளுக்குப் புதிது. மூன்று பிள்ளைகளையும் ஒரு சிறிய அறைக்குள் வைத்துக்கொண்டு வெளியே மழை பெய்வதைப் பார்த்தபடி இருப்பது உங்கள் இருவருக்குமே புதிது. இத்தனை புதுமைகளையும் ஒரே நேரத்தில், வீட்டிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சந்திக்க வேண்டிய அவசியம் என்ன? பழைய டிரெய்லரின் குறைகள் பெரும்பாலும் முதல் இரவில்தான் தெரியவரும். குழாய் மூட்டு கசியும், கூரையின் ஓர் ஓரம் ஒழுகும், பேட்டரி நள்ளிரவில் இறங்கிவிடும். அது வீட்டு வாசலிலேயே நடந்தால் நல்லது. ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு டிரெய்லரை வீட்டருகில் நிறுத்தி, மூன்று பிள்ளைகளோடும் ஓர் இரவு அதிலேயே தூங்குங்கள். வீட்டுக்குள் ஓடி எதை எடுத்து வந்தீர்கள் என்று குறித்துக்கொண்டால், நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் தானாகவே தயாராகிவிடும்.

பழைய டிரெய்லர் என்பதால் டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதை விட, நின்ற இடத்தில் வெயிலில் வயதாகிக் கெடுவதே அதிகம். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். அப்படிப்பட்ட பழைய டயர்களை மாற்றாமல் பேரப்பிள்ளைகளோடு சாலையில் இறங்க வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு, முதல் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

அடுத்தது நேரம். டிரெய்லரை நிறுத்தித் தங்கும் இடமான முகாம் மைதானத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குள் அடைந்துவிட வேண்டும் என்பதை நான் பல ஆண்டுகளாக ஒரு விரதம் போலக் காத்துவருகிறேன். வெளிச்சம் மங்கிய பிறகு, பசித்த குழந்தைகள் வண்டிக்குள் அழுதுகொண்டிருக்க, தெரியாத இடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்துவது கணவன் மனைவி இருவரின் பொறுமையையும் சோதிக்கும். அதைவிட முக்கியமாக, அந்த நேரத்தில்தான் ஒரு குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படாமல் வண்டிக்குப் பின்னால் போய்விடும். பின்னோக்கி ஓட்டும்போது பிள்ளைகள் அனைவரும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கணவருக்கு வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரியும் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நீங்களோ பிள்ளைகளோ கண்ணாடியிலிருந்து மறைந்த அடுத்த கணமே அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதிக்கு எந்த விலக்கும் கிடையாது.

இப்போது சலிப்புக்கு வருகிறேன். டிரெய்லரில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வருவது விளையாட்டுச் சாமான் இல்லாததால் அன்று. எல்லா வேலையையும் பெரியவர்களே செய்துவிட்டு, பிள்ளைகளை ஓரமாக உட்காரச் சொல்வதால்தான் வருகிறது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: டிரெய்லர் என்பது எல்லாரும் சேர்ந்து நடத்த வேண்டிய ஒரு வீடு, அதை நடத்தும் வேலையில் பிள்ளைகளுக்கு உண்மையான பங்கைக் கொடுங்கள். விளையாட்டுக்குக் கொடுக்கும் பொய் வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். அவர்கள் செய்யாவிட்டால் வேலை நடக்காது என்ற நிலை இருக்க வேண்டும்.

என் பேத்திக்கு ஐந்து வயதானபோது அவளிடம் ரசமட்டத்தை ஒப்படைத்தேன். டிரெய்லரைப் பக்கவாட்டில் சமன்செய்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, கொக்கியிலிருந்து கழற்றிய பிறகு, முன்னும் பின்னும் சமன்செய்ய முன்பக்க ஜாக்கியைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். கதவு நிலையின் அடிச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்துவிட்டு, அவள் தன் பாட்டிக்குப் பக்கத்தில் வெளியே நின்றபடி, மூக்கு கண்ணாடிக் குழாயில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பாள். "குமிழி பின்னாடி ஓடுது தாத்தா, இன்னும் தூக்கு" என்பாள். நான் கைப்பிடியைச் சுற்றுவேன். "கொஞ்சம், கொஞ்சம், நில்லு!" என்று அவள் கத்தும்போது குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றிருக்கும். அன்று இரவு மேசை மேல் ஒரு பந்தை மூன்று முறை வைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் அது உருளவில்லை. அந்த முகத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. அவள் இன்று வளர்ந்துவிட்டாள். அந்தப் பயணத்துக்கு எடுத்துப்போன பொம்மைகளில் ஒன்றைக்கூட அவளால் நினைவுகூர முடியவில்லை, ஆனால் குமிழியை நினைவு வைத்திருக்கிறாள்.

உங்கள் மூவரில் ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த வேலை பொருந்தும். எட்டு வயதுக் குழந்தை முட்டுக்கட்டைகளை எண்ணி எடுத்துத் தரலாம். கிளம்பும்போது அதே எண்ணிக்கை பெட்டிக்குள் திரும்பியதா என்று பார்க்கலாம். பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் கிளம்பும்முன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுத்து, அவர் உரக்கப் படிக்க, நீங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து "ஆயிற்று" என்று பதில் சொல்லுங்கள்: கொக்கியின் பூட்டு விழுந்திருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலிகள் கொக்கிக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டப்பட்டிருக்கின்றனவா, டிரெய்லர் அறுந்து பிரிந்தால் தானாகவே பிரேக் போடும் கம்பி வண்டியோடு இணைந்திருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா, படிக்கட்டு மடிக்கப்பட்டிருக்கிறதா, கூரை ஜன்னல் மூடியிருக்கிறதா. சங்கிலியை ஏன் குறுக்காக மாட்டுகிறோம் என்று அவர் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லுங்கள்: கொக்கி கழன்று விழுந்தால் தரையில் குத்தாமல், ஏணைபோல அந்தச் சங்கிலிகள் அதைத் தாங்கிக்கொள்ளும்.

விளையாட்டுப் பொருள் என்று கேட்டீர்கள். ஒரு பந்து, ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கொரு டார்ச் விளக்கு போதும்.

கேள்வி: நெடுந்தூரப் பயணத்தில் என் பேரன் வண்டி இருக்கையில் சிணுங்கிக்கொண்டே வருகிறான். பின்னால் டிரெய்லரில்தான் மெத்தை இருக்கிறதே, ஒரு மணி நேரம் அதில் படுத்துத் தூங்கட்டும், நானும் கூடவே இருக்கிறேன் என்கிறாள் என் மனைவி. செய்யலாமா?

பதில்: கூடாது. ஓடும் டிரெய்லருக்குள் குழந்தையும் இருக்கக் கூடாது, பாட்டியும் இருக்கக் கூடாது. அங்கே சீட் பெல்ட் கிடையாது. அலமாரிகளும் அடுப்பும் மோதலைத் தாங்கும்படி கட்டப்பட்டவை அல்ல. உள்ளே என்ன நடந்தாலும் முன்னால் ஓட்டுகிற உங்களுக்குக் கேட்காது. பல நாடுகளில் இது சட்டப்படியும் குற்றம். பேரன் தன் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில், முன்வண்டியின் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும். சிணுங்கல் தாங்க முடியாவிட்டால் பயணத்தைச் சுருக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, அவனை இறக்கி ஓடவிடுங்கள். நிறுத்தியிருக்கும்போது டிரெய்லருக்குள் போய்ப் படுக்கலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம். அந்த வசதிக்காகத்தானே வீட்டையே இழுத்துக்கொண்டு வருகிறோம்.

கேள்வி: சென்ற மாதம் பேரப்பிள்ளைகள் மூவருடைய மிதிவண்டிகளையும் டிரெய்லரின் பின்பக்கத்தில் ஒரு தாங்கி மாட்டி ஏற்றிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் ஒரு லாரி என்னை முந்தியபோது டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கியது. முன்பு ஒருபோதும் இப்படி நடந்ததில்லை. என்ன காரணம்? பிள்ளைகள் வண்டியில் இருந்ததால் இன்னும் என் நடுக்கம் தீரவில்லை.

பதில்: காரணம் அந்த மிதிவண்டிகள்தான் என்று கடிதத்தைப் படித்ததுமே எனக்குத் தோன்றியது. டிரெய்லரை ஒரு தராசாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கர அச்சுதான் அதன் முள். பின்கோடியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்பக்கக் கொக்கியை மேலே தூக்குகிறது. கொக்கியின் மேல் அழுத்தும் எடை குறையக் குறைய, முன்வண்டியின் பிடி தளர்ந்து, காற்றோ லாரியோ சற்றே தள்ளினாலும் டிரெய்லர் ஆடத் தொடங்கும். பெரிய டிரெய்லர்களில், ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. ஏற்றியபின் 2,000 கிலோ எடையுள்ள டிரெய்லர் என்றால் கொக்கியின் மேல் 200 முதல் 300 கிலோ. ஐரோப்பிய வகைச் சிறிய கேரவன்களுக்கு இதைவிடக் குறைவாக, 5 முதல் 7 சதவீதம் என்று சொல்வார்கள். உங்கள் டிரெய்லருக்கும், இழுக்கும் வண்டிக்கும், கொக்கிக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. அவற்றில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

மூன்று மிதிவண்டிகளும் தாங்கியும் சேர்ந்து ஐம்பது கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை அச்சுக்கு மூன்று மீட்டர் பின்னால் மாட்டியிருக்கிறீர்கள். கொக்கி அச்சுக்கு நான்கரை மீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியின் எடை 30 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த டிரெய்லருக்கு அது போதும். போதாததற்கு, தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்து நிரம்பியும் இருந்தால், லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அதுவும் சேர்ந்து பின்னால் இழுக்கும். மிதிவண்டிகளை முன்வண்டியின் கூரைக்கு மாற்றுங்கள். கனமான பொருள்களைத் தரையோடு தரையாக, அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பிறகு பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே எடைமேடையில் நிறுத்தி எடை பாருங்கள். ஆட்டத்தைத் தணிக்கும் ஹிட்ச் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி அமைப்பு) ஒன்றை மாட்டிக்கொள்வதும் நல்லதே, ஆனால் தவறாக ஏற்றிய சுமையை எந்த ஹிட்ச்சும் சரிசெய்யாது.

மறுபடியும் வாலாட்டினால், காலின் முதல் விருப்பம் பிரேக்கை அழுத்துவதாகத்தான் இருக்கும். அதைச் செய்யாதீர்கள். வேகத்தைக் கூட்டி இழுத்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆட்டத்தை எதிர்த்துத் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானே குறையவிடுங்கள். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் போடும் கருவி வண்டியில் இருந்தால், அதை மெதுவாக அழுத்துங்கள். பின்னால் பிடித்து இழுப்பது போல டிரெய்லர் நேராகிவிடும். ஆட்டம் நின்றதும் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, சுமையைச் சரிபார்க்காமல் மேலே ஓட்டாதீர்கள். அன்று நீங்கள் தப்பியது பெரிய காரியம் ஐயா. உங்கள் நடுக்கம் நியாயமானதுதான், அது உங்களை எடைமேடைக்கு அழைத்துப் போகட்டும்.

கேள்வி: கேஸ் அடுப்பு, ஹீட்டர், முகாம் தீ, ஏரிக்கரை என்று எதைச் சொன்னாலும் என் மருமகள் பயப்படுகிறாள். "அத்தை, குழந்தையை அனுப்ப எனக்கு மனசு வரலை" என்கிறாள். அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: சமாதானப்படுத்த முயலாதீர்கள், அவர் பயப்படும் ஒவ்வொன்றையும் அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். அவர் சொல்லும் எதுவும் வீண் பயம் அன்று. டிரெய்லரில் எரிக்கும் புரோபேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால்தான் கேஸ் எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கு அருகில் மாட்டுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு அப்படியன்று. அது காற்றோடு எங்கும் கலந்துவிடும், நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்குத் தனி எச்சரிக்கைக் கருவி படுக்குமிடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இந்தக் கருவிகளுக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள். பின்பக்கத்தில் தேதி இருக்கும். மருமகளின் கண்ணெதிரில் கருவியைக் கழற்றித் தேதியைக் காட்டுங்கள், பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்யுங்கள். ஆயிரம் வார்த்தைகளைவிட அந்த ஒலி அவருக்கு ஆறுதல் தரும். குளிர் காய அடுப்பைப் பற்றவைப்பதில்லை, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதில்லை, தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடுவதில்லை என்று மூன்றையும் உறுதியாகச் சொல்லுங்கள்.

டிரெய்லரில் அவசரக் காலத்தில் வெளியேறும் ஜன்னல் ஒன்று இருக்கும், பெரும்பாலும் சிவப்புக் கைப்பிடியோடு. முதல் நாள் மாலையில், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, குழந்தை அந்தக் கைப்பிடியைத் தானே திருப்பி, ஜன்னலைத் தள்ளி, நீங்கள் வெளியே கைநீட்டி நிற்க, அதன் வழியாக இறங்கி வரட்டும். பிள்ளைகளுக்கு அது திருவிழாவாக இருக்கும், இரண்டாம் முறையும் இறங்க வேண்டும் என்பார்கள்; தாராளமாக விடுங்கள்.

முகாம் தீயைப் பற்றி நான் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் இரவு தீ தணிந்த பிறகு மேலே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்ததும் என் பேரன், அப்போது அவனுக்கு ஆறு வயது, செருப்பில்லாமல் வெளியே வந்து, முந்தின நாள் தான் நட்டுவைத்த குச்சியை எடுக்க அந்த மண்மேட்டை நோக்கி நடந்தான். என் மனைவி எட்டிப் பிடித்து இழுத்துவிட்டாள். ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தபோது மண்ணுக்கு அடியில் கங்கு செக்கச்செவேலென்று இருந்தது. நீறுபூத்த நெருப்பு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. மண் நெருப்பை அணைப்பதில்லை, போர்வைபோல மூடிக் காக்கிறது. ஆகவே தண்ணீரை ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் சூடே தெரியாத நிலை வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். மறுநாள் காலையிலும் அந்த வட்டத்துக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஏரிக்கரை விஷயத்தில் மருமகளின் பக்கம் நிற்கிறேன். தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை வீசுவதில்லை; சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். நீந்தத் தெரியாத சிறு பிள்ளைகளோடு போகும்போது தண்ணீரைவிட்டு விலகிய இடமாகக் கேட்டு வாங்குங்கள். கரைக்குப் போனால் உயிர்காப்பு உடை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர். அந்தப் பெரியவரின் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் டிரெய்லரில் இரண்டடுக்குப் படுக்கை இருக்கிறது. நான்கு வயதுப் பேத்தி மேலடுக்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

பதில்: ஆறு வயது நிறையாத குழந்தைகளை மேலடுக்கில் படுக்கவைக்கக் கூடாது என்பது குழந்தைப் பாதுகாப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. பகலில் நீங்கள் அருகில் நிற்க, அவள் மேலேறி உட்கார்ந்து ஒரு கதை கேட்கட்டும், இரவில் கீழடுக்கு. மூத்த பிள்ளைகள் மேலே படுத்தாலும் தடுப்புக் கம்பி மெத்தையின் மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். அந்தப் படுக்கைக்கு எடை வரம்பு எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கை இரவு முழுவதும் எரியவிடுங்கள். புதிய இடத்தில் விழிக்கும் குழந்தைக்குக் கதவு எங்கே என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கேள்வி: பதின்மூன்று வயதுப் பேத்தி குளியலறைக்குள் போனால் வெளியே வருவதே இல்லை. இரண்டாம் நாளே தண்ணீர் தீர்ந்துவிட்டது. கண்டித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

பதில்: கண்டிக்க வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். ஒரு வாளியையும் கடிகாரத்தையும் அவள் கையில் கொடுத்து, ஷவர் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் தருகிறது என்று அவளையே அளக்கச் சொல்லுங்கள். ஆறு லிட்டர் என்று வந்தால், பத்து நிமிடக் குளியலுக்கு 60 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 150 லிட்டர் என்றால் மீதியை அவளே சொல்லிவிடுவாள். உடலை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடியும் திறந்து கழுவினால் பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, திறப்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிவதில்லை. இங்கே இரண்டும் கண்ணெதிரில் இருக்கின்றன. குளித்த நீர் ஒரு தொட்டிக்கும் கழிப்பறை நீர் இன்னொரு தொட்டிக்கும் போகின்றன. தொட்டிகளின் அளவைக் காட்டும் விளக்குகளைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவளிடமே விட்டுவிடுங்கள்.

கழிவைத் திறந்துவிடும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வைத்திருந்து, நிரம்பிய பிறகு அதற்கென உள்ள இடத்தில் திறக்க வேண்டும். திறந்தே விட்டால் நீர் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் இறுகிவிடும். முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்துக் குளித்த நீரின் தொட்டி என்ற வரிசையில் திறந்தால், இரண்டாவது நீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை அவசியம், குடிநீர் பிடிக்கும் குழாய் அந்தப் பக்கமே வரக் கூடாது.

சுடுநீரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பல டிரெய்லர்களின் ஹீட்டரில் வெப்பத்தைக் குறைத்துவைக்கும் வசதி இல்லை. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீர் பெரியவர்களின் தோலையே ஐந்து நொடியளவில் ஆழமாகப் பொசுக்கிவிடும், குழந்தைகளின் தோல் அதைவிட மென்மையானது. சிறு பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது முதலில் தண்ணீரை உங்கள் கையில் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகளும் மருமகனும் உடன் வராதபோது நாங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை என்ன?

பதில்: அவசர மருத்துவத்துக்கு நீங்கள் ஒப்புதல் தரலாம் என்று பெற்றோர் கையொப்பமிட்ட கடிதம், காப்பீட்டு அட்டையின் நகல், ஒவ்வாமைகள், எடை, வழக்கமான மருந்துகள் இவற்றைக் குறித்த ஒரு தாள். காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால் எடையை எழுதிவைக்கச் சொல்கிறேன். நாட்டின் எல்லையைக் கடப்பதாக இருந்தால் பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட பயண அனுமதிக் கடிதமும் வேண்டும்.

குழந்தையின் மருந்தைவிட நம் மருந்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு வாரத்து மாத்திரைகளை நாள்வாரியாகப் போட்டுவைக்கும் பெட்டி நமக்கு வசதி. சிறு குழந்தையும் அதை ஒரு தட்டில் திறந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நாம் சாப்பிடும் மாத்திரைகளில் சில, ஒன்றிரண்டு உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வீட்டில் அவை ஓர் அறையில் இருக்கும், குழந்தை வேறோர் அறையில் இருக்கும். டிரெய்லரிலோ எல்லாம் ஒரே அறை. பூட்டக்கூடிய சிறு பெட்டி ஒன்றில் வைத்து, மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: இரவானதும் பேரன்கள் கைப்பேசியைத் தேடுகிறார்கள். வேறு என்ன செய்வது?

பதில்: வெளியே போர்வையை விரித்து, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு மல்லாந்து படுங்கள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் கைப்பேசி ஒரு முறை ஒளிர்ந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும் என்று சொன்னால், பிள்ளைகளே அதை மறைத்துவைத்துவிடுவார்கள். டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் ஒட்டினால் கண் கூசாது. வட அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 12, 13 தேதிகளையொட்டிப் பயணம் வைத்தால் பெர்சீட் எரிகல் பொழிவைப் பார்க்கலாம். ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற துகள்களுக்குள் பூமி நுழைவதால் ஆண்டுதோறும் இது நிகழ்கிறது. அந்த வால்நட்சத்திரம் கடைசியாக 1992இல் சூரியனை நெருங்கியது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 133 ஆண்டுகள். அடுத்த முறை அது வரும்போது யார் இருப்பார்கள் என்று என் பேரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

கேள்வி: இந்தச் சக்கர வீட்டை முதலில் கட்டியது யார் என்று என் பேத்தி கேட்கிறாள்.

பதில்: வீட்டை வண்டியில் கொண்டு சுற்றிய மக்கள் நெடுங்காலமாக உண்டு. பொழுதுபோக்குப் பயணத்துக்கென்றே கட்டப்பட்டவற்றில் முன்னோடி என்று கருதப்படுவது, 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிட்டனில் கட்டச் செய்த 'வாண்டரர்' என்ற வண்டி. அவர் கடற்படையில் மருத்துவராக இருந்து, பிறகு சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள அந்த வீட்டை இரண்டு குதிரைகள் இழுத்தன. குறுகிய சாலைகளில் எதிரே வருபவர்களை எச்சரிக்க அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போனார். கூடவே ஒரு நாயும் கிளியும் பயணம் செய்தன. பேத்திக்குக் கிளிதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எனக்கு 74 வயது. மனைவி சென்ற ஆண்டு காலமானாள். அவளும் நானும் பேரப்பிள்ளைகளை டிரெய்லரில் எத்தனையோ இடங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறோம். இப்போது முழங்கால் வலியால் குனிந்து கொக்கி பூட்ட முடியவில்லை, மாலையானால் கண்ணும் மங்குகிறது. மூத்த பேரன் பதினான்கு வயது, "போகலாம் தாத்தா" என்கிறான். டிரெய்லரை விற்றுவிடச் சொல்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கண் மங்குகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்: பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இனி நீங்கள் டிரெய்லர் இழுக்க வேண்டாம். ஆனால் இழுப்பதை நிறுத்துவது வேறு, விற்பது வேறு. ஒரு பருவம் முழுவதும் டிரெய்லரை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க இடம் தரும் முகாம் மைதானங்கள் பல உண்டு. வீட்டிலிருந்து பகலில் காரில் எளிதாகப் போய்வரும் தூரத்தில் அப்படி ஓரிடம் பாருங்கள். பருவத்தின் தொடக்கத்தில் உங்கள் மகன் இழுத்துப் போய் நிறுத்தட்டும், முடிவில் கொண்டுவரட்டும். நடுவில் உள்ள வாரங்களில் டிரெய்லர் உங்களுக்காக அங்கே காத்திருக்கும். ஒரு நேரத்தில் பேரப்பிள்ளைகளில் ஒருவரையோ இருவரையோ மட்டும் அழைத்துப் போங்கள். மகனோ மகளோ நெருங்கிய நண்பரோ இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும். நீங்கள் தடுக்கி விழுந்தால் பிள்ளைகள் தனியாகிவிடக் கூடாது. இதை உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவருடைய பயம் பெரும்பாலும் சாலையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

மூத்த பேரனை இந்த வாரக் கடைசியிலேயே வரச்சொல்லுங்கள். நீங்கள் ஒரு நாற்காலி போட்டு டிரெய்லருக்கு அருகில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கொக்கியில் பூட்டுவது, சங்கிலி மாட்டுவது, முட்டுக்கட்டை எடுப்பது, சமன்செய்வது என்று ஒவ்வொரு வேலையையும் நீங்கள் வாயால் சொல்ல, அவன் கையால் செய்து, செய்த வரிசையில் ஒரு நோட்டில் எழுதட்டும். உங்கள் மனைவி எந்தப் பெட்டியில் எதை வைப்பார் என்பதையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.